விசையும் விரலும்

"கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் படுகாயம்" என்ற செய்தியை இலங்கைப் பத்திரிகைகளை வாசிப்போர் பலமுறை கண்டிருப்பர். சில வேளைகளில் 'படுகாயம்' என்பதற்குப் பதிலாக 'மரணம்' என்ற சொல் நிற்கும், ஊரின் பெயர் மாறும், வாக்கியம் மாறுவதில்லை. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்வாக்கியம் நெடுநாளாக உறுத்தலாகவே இருந்து வருகிறது. இலக்கணப்படி இதிற் பிழை ஒன்றுமில்லை. துவக்கு எழுவாய், வெடித்தல் அதன் வினை. ஆயினும் துவக்கு தானாக வெடிப்பதில்லை. அதன் விசையை ஒருவர் இழுத்தல் வேண்டும். அந்த ஒருவர் யார்? வாக்கியம் அதனைக் கூறவில்லை. நாம் அதனைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

துவக்கின் உறுப்புகளுள் விசை மிகச் சிறியது. ஆனால் மனித உள்ளம் அந்த இயந்திரத்தைத் தொடும் இடம் அதுவே. மருந்து எரிவதும் குண்டு பறப்பதும் இயற்கை விதிகளின்படி நிகழ்வன. சுடுவதா, விடுவதா என்ற தீர்மானம் மட்டும் விரலுக்கும் விசைக்கும் இடையிலுள்ள அற்ப வெளியிலே நிகழ்கிறது. ஆதலின் விசையில் எவர் கைவைத்து அதனை மாற்றினாலும், எதற்காக மாற்றினீர் என்று கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு.

அமெரிக்காவிலே கைத்துப்பாக்கியின் விசையை மாற்றியமைப்பது இன்று ஒரு வாணிபம். தொழிற்சாலையிலிருந்து வரும் விசை கனமாக இருக்கிறதென்று கருதுவோர், வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் உறுப்புகளை வாங்கிப் பொருத்திக் கொள்கின்றனர். ஒஸ்திரிய இராணுவம் 1982ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குளொக் கைத்துப்பாக்கியின் விசையை இழுக்க ஏறத்தாழ 2.5 கிலோகிராம் அழுத்தம் வேண்டும். குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோர் அதனைக் குறைக்க விரும்புவர். மெல்லிய விசை குறியை அசைக்காது என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நியூயோர்க் நகரப் பொலிசார் 1990களில் இதற்கு நேரெதிரான வழியிற் சென்றனர். பதற்றத்தில் விரல் தவறி ஓர் உயிர் போய்விடலாகாது என்று கருதி, தமது கைத்துப்பாக்கிகளின் விசையை ஏறத்தாழ 5.5 கிலோகிராம் அழுத்தம் வேண்டுவதாக அமைப்பித்தனர். 2012 ஆகஸ்ட் 24ஆந் திகதி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் பொலிசார் இருவர் ஒரு கொலையாளியை நோக்கிச் சுட்டபோது வழிப்போக்கர் ஒன்பதின்மர் காயமுற்றனர். கனத்த விசையே குறியைக் கெடுத்தது என்று அப்போது சிலர் வாதிட்டனர். பேசப்படுவது கிலோகிராமே எனினும், ஒரு மனிதனின் சினத்துக்கும் இன்னொரு மனிதனின் சாவுக்கும் இடையில் எவ்வளவு தடை இருத்தல் வேண்டும் என்பதே அங்கு உண்மையான விவாதம்.

அந்நாட்டுச் சட்டமும் இச்சிறு உறுப்பிலேயே தொங்கிக் கொண்டிருக்கிறது. 2017 ஒக்டோபர் 1ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரிலே இசைவிழாவொன்றுக்குக் கூடியிருந்த மக்கள்மீது ஒருவன் சுட்டான். அறுபது பேர் மாண்டனர். துவக்கின் பின்னுதைப்பையே பயன்படுத்தி, அசையாது நிற்கும் விரலின்மேல் விசை மீண்டும் மீண்டும் மோதும்படி செய்யும் உபகரணத்தை அவன் தன் துவக்குகளிற் பொருத்தியிருந்தான். அரசு அவ்வுபகரணத்தைத் தடை செய்தது. 2024ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், ஒவ்வொரு குண்டுக்கும் விசை ஒரு முறை இயங்கத்தானே செய்கிறது, ஆகையால் இஃது இயந்திரத் துப்பாக்கியாகாது என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையாற் தீர்ப்பளித்தது. விசை அசைவதை நீதிமன்றம் எண்ணியது. உள்ளம் எத்தனை முறை தீர்மானித்தது என்பதை எண்ணவில்லை.

இவை செல்வ நாட்டுச் செய்திகள். மாத்தளையின் மிளகுக் கொடிகளுக்கும் இறப்பர் மரங்களுக்கும் நடுவே வாழும் எமக்கு இவற்றால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். விசையை மாற்றியமைக்கும் கலை எமது மலைகளுக்குப் புதியதன்று என்பதே எமது மறுமொழி.

துருக்கிய மொழியிலிருந்து வந்ததெனக் கருதப்படும் 'துவக்கு' என்ற சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவானது. சொல்லைப் போலவே பொருளும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கொண்டுவந்த திரித்துவக்கைச் சிங்களக் கொல்லர்கள் வெறுமனே பார்த்துச் செய்யவில்லை. அதன் விசைப்பொறியைத் துவக்கின் இடப்பக்கத்தில் அமைத்தனர். பிடிக்கட்டையின் அடியைப் பிளவுபடச் செதுக்கினர். இரும்பிலும் மரத்திலும் தந்தத்திலும் தம் மண்ணின் கோலங்களை இட்டனர். அந்நியன் கொணர்ந்த கருவியைத் தம் கைக்கும் தம் போர்முறைக்கும் ஏற்பத் திருத்திக்கொண்ட அறிவு அது. அதனைப் போர்த்துக்கேய ஆசிரியர்களே வியந்து எழுதினர். கண்டிக் கைவினைஞரின் வாழ்வையும் தொழிலையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல் விரித்துரைக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டுக் கவர்ந்து சென்ற பொருள்களுள் ஆறினை நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திருப்பித் தந்தது. அவற்றுள் இரண்டு, பெருந்துவக்குகள்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே இம்மலைநாட்டுத் துவக்கின் கதை வேறு திசையில் திரும்பியது. சேனைப் பயிர் செய்த குடியானவனுக்குத் துவக்கும் நாயும் பயிர்க்காவலின் இரு கைகள். 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி, துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்தது. வீதி வேலைக்கு உடலுழைப்பும் கேட்டது. மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையிலே அரசனாக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆந் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். இதுவும் செயப்பாட்டு வினைதான். ஆயின் இங்கே வினைமுதல் மறைந்துவிடவில்லை. விசையை இழுத்தது எந்த ஆட்சியின் விரல் என்பதைப் பாடசாலை மாணாக்கரும் அறிவர்.

அதே மலைகளில், அதே தொழிலறிவின் தேய்ந்த எச்சமாக இன்று வாழ்வது கட்டுத்துவக்கு. பழைய இரும்புக் குழாயொன்று குழலாகும். விலங்கு நடக்கும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் அது படுக்கையாகக் கட்டப்படும். பாதையின் குறுக்கே, புல்லோடு புல்லாக, மெல்லிய கம்பியொன்று ஓடும். பன்றியின் மார்பு கம்பியைத் தள்ளினால் விசை விடுபடும். முன்னைய கொல்லன் விசையின் இடத்தை மாற்றினான். அமெரிக்க வணிகன் அதன் கனத்தை மாற்றுகிறான். கட்டுத்துவக்கைச் செய்தவனோ விசையிலிருந்து விரலையே நீக்கிவிட்டான். இழுப்பவனுக்குத் தான் இழுப்பது தெரியாது. கட்டியவன் அப்போது தன் குடிசையிலே உறங்கிக்கொண்டிருப்பான். தீர்மானம் நிகழ்வதற்கு இருந்த அந்த அற்ப வெளியும் இல்லாதொழிந்தது. பன்றியின் மார்பளவு உயரம் மனிதனின் முழங்காலளவு உயரம். அதனாலேதான் இத்துவக்கு மனிதரிடம் பெரும்பாலும் காலையே கேட்கிறது.

இதனை எமது நாட்டின் தனிக் குற்றமென்று எண்ணுதல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் தம் வேட்டைக் காடுகளில் இத்தகைய துவக்குகளைக் கட்டி வைத்தனர். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் வரும் ஏழையே அவர்களின் இலக்கு. மலர் வளர்த்த ஒருவர் தமது தோட்டத்திலும் ஒன்றைக் கட்டினார். அயலாரின் பெட்டை மயிலைப் பிடித்துக் கொடுக்க மதிலேறிக் குதித்த பத்தொன்பது வயது இளைஞனின் முழங்காலில் அது பாய்ந்தது. 1828இல் நீதிமன்றம் அவ்விளைஞன் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1827இல், பாராளுமன்றம் இத்துவக்குகளைத் தடை செய்துவிட்டது. ஆனால் இரவிலே வசிக்கும் வீட்டைக் காக்க வைக்கப்படுபவற்றுக்கு விலக்களித்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும், பாழ்வீட்டின் கதவிலே துவக்கைக் கட்டிவைத்த உரிமையாளர், பழைய போத்தல்களைத் திருட வந்து காலிற் சுடப்பட்டவனுக்கு 30,000 டொலர் கொடுக்கவேண்டும் என்ற தீர்ப்பை 1971இல் மேல்நீதிமன்றம் உறுதி செய்தது. உரிமையாளர் நேரே நின்று செய்யக்கூடாத கொலையைக் கம்பியைக் கொண்டும் செய்யலாகாது என்பதே இவற்றின் சாரம். எமது நாட்டிலும் அனுமதிப்பத்திரமற்ற துவக்கை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் குற்றமாக்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, கம்பியும் இருக்கிறது.

ஏன் இருக்கிறது என்பதை நாம் நூல்களிலிருந்து அறியவில்லை. எமது வகுப்பு மாணாக்கன் ஒருவனின் தந்தையிடமிருந்து அறிந்தோம்.

அவர் இறப்பர்த் தோட்டமொன்றிலே பால் வெட்டும் தொழிலாளி. ஒருநாள் மாலை, வேலை முடிந்தபின், விறகு பொறுக்கத் தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள பற்றைக் காட்டுக்குச் சென்றார். கம்பி காலில் தட்டியது. மாத்தளை வைத்தியசாலையிலே உயிரைக் காப்பாற்றிவிட்டனர். வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. மகன் இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. சிங்களம் கற்பிக்கும் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு லயத்துக்குச் சென்றோம்.

பத்தடிக் காம்பிராவின் வாயிலிலே அவர் சாய்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் எழ முயன்றார், தடுத்தோம். துவக்கைக் கட்டியவர்மீது கோபமில்லையா என்று கேட்டோம்.

"கோவப்பட்டு என்னாங்க சேர் ஆவப்போவுது? அந்த மனுசன் பன்னிக்குத்தான் வச்சாரு. நானும் பன்னி போற பாதையிலதான் போனேன். எங்களுக்கு வேற பாதை எங்க இருக்கு?"

இவ்வளவுதான் அவர் கூறியது. வேலை நேரத்துக்குப் புறம்பே நேர்ந்த விபத்தாதலின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அவருக்கு உதவவில்லை. யானை மிதித்திருந்தால் அரசிடம் இழப்பீடு கேட்டிருக்கலாம். அவரைத் தாக்கியதோ விலங்கன்று. ஒற்றைக் காலோடு மலைச்சரிவில் முந்நூறு மரத்துக்கு ஏறியிறங்கிப் பால் வெட்ட இயலாது. வீட்டின் வருவாய் மனைவியின் நாட்கூலியாகச் சுருங்கிவிட்டது.

பள்ளத்துக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்திலே துவக்கைக் கட்டியவர் வாழ்கிறார். நண்பரின் துணையோடு அவரையும் கண்டோம். பொலிசார் கைது செய்து, பிணையில் விடுவிக்கப்பட்டிருந்த காலம் அது. அரை ஏக்கர் சோளமும் மரவள்ளியும் அவரின் முழு உடைமை. கடன் வாங்கி விதைத்தது. மூன்று இரவுகளிற் பன்றிகள் பாதியை உழுதுவிட்டன. அழிந்த சோளத்துக்கு எவரும் ஒரு சதமும் தரவில்லை. வெடியோசை கேட்டதும் பன்றி விழுந்ததென்று விளக்கோடு ஓடியவர், மனிதனைக் கண்டார். தம் சாரத்தைக் கிழித்துக் காலைக் கட்டினார். அயலாரைக் கூவியழைத்து, நால்வராகச் சுமந்து வீதிவரை கொண்டுவந்தார். அவர் ஓடிப்போயிருக்கலாம், ஓடவில்லை. இதனை எமக்குக் கூறியவர் அவரல்லர், கால் இழந்தவர். தம் பேச்சின் முடிவிலே அவர், "நான் பன்றிக்கு வைத்தேன்; பாவம் எனக்கு வந்தது" என்று சிங்களத்திலே மெல்லச் சொன்னார்.

பையன் பாடசாலைக்குத் திரும்பி வந்தான். வாக்கிய அமைப்புப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் எழுந்து கேட்டான்: "சேர், அவர் எங்க அப்பாவச் சுடல. அப்பாவும் தன்னைத்தானே சுட்டுக்கல. அப்ப சுட்டது யாரு?"

வகுப்பு அமைதியாயிற்று. தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் ஒன்றுண்டு. எழுவாய் வாக்கியத்தில் வெளிப்படாது. ஆனால் அது இல்லாமற் போவதில்லை, வினையைக் கொண்டு நாம் அதனை உணர்தல் வேண்டும். வினைமுதலிலும் இருவகை உண்டு. தச்சன் தேர் செய்தான் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அரசன் கல் சுமக்கவில்லை, கட்டுவித்தான், அவன் ஏவுதற் கருத்தா. பேராதனையிலே தமிழ் பயின்ற காலத்தில் இவற்றைத் தேர்வுக்காக மனனஞ் செய்தோம். அந்தப் பையனின் கேள்விக்கு முன்னால் அவை புதுப்பொருள் கொண்டு நின்றன. விசையை இழுத்த கால் அவன் தந்தையுடையது. கம்பியைக் கட்டிய கை அயற்கிராமத்து விவசாயியுடையது. இவ்விரண்டையும் அந்த ஒற்றையடிப் பாதையிலே கொண்டுவந்து நிறுத்திய ஏவுதற் கருத்தா எது?

நாம் அதற்கு வரலாற்றிலே விடை தேடினோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலம் இதனாற் குடியானவன் கையிலிருந்து நழுவியது. கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அந்நிலத்திலே உழைப்பதற்கென்று தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக, தம்புள்ளைக் காடுகளினூடே, எம் முன்னோர் நடத்திக் கொண்டுவரப்பட்டனர். ஒருவன் நிலத்தை இழந்தான்; மற்றவன் நிலமே இல்லாதவனாக வந்தான். கோப்பி போய்த் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. இலாபம் தராத மூலைகள் கைவிடப்பட்டுப் பற்றைக் காடாகிக் கிடப்பதை எமது மாவட்டத்தில் நாம் கண்ணாரக் காண்கிறோம். பன்றி அங்கே குட்டி போடுகிறது. பள்ளத்திலுள்ள கிராமத்துக்கு அரை ஏக்கர். மேட்டிலுள்ள லயத்துக்கு ஓரடியும் இல்லை. நடுவே எவருக்கும் பயன்படாத நூறு ஏக்கர். கட்டுத்துவக்கு கட்டப்படும் இடம் அந்த நடுவிடந்தான்.

இங்கிலாந்திலே செல்வன் ஏழைக்காகத் துவக்கைக் கட்டினான். இங்கே ஏழை பன்றிக்காகக் கட்டுகிறான். மாட்டிக்கொள்வது இன்னோர் ஏழை. மலர்த் தோட்டக்காரரைத் தண்டித்தால் நீதி முடிந்துவிடும். அரை ஏக்கர் சோளக்காரரைத் தண்டித்தாலும், அடுத்த போகத்தில் இன்னொருவர் கம்பி கட்டுவார். இவ்வாறு கூறுவதால் கம்பி கட்டுவதை நாம் நியாயப்படுத்துகிறோம் என்று எவரும் கருதலாகாது. தீர்மானிக்கும் விரலை நீக்கிய கருவி எந்த வறுமையாலும் நியாயமாகாது. பறிபோன கால் வளராது. ஆனால் கைவிலங்கு மட்டும் பயிரைக் காக்காது என்பதும் உண்மை.

2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிட நேரம், பயிரழிக்கும் குரங்கும் மந்தியும் மலையணிலும் மயிலும் நாடு முழுவதும் எண்ணப்பட்டன. எண்ணட்டும், வேண்டாமென்று கூறவில்லை. அதுபோலக் கட்டுத்துவக்கினாற் கால் இழந்தோரையும் ஊர் ஊராக எண்ணுதல் வேண்டும். அவர்களின் குடும்பத்துக்கு, யானை தாக்கியோருக்கு உள்ளதைப் போன்ற இழப்பீட்டு உரிமை வேண்டும். பன்றி தின்ற பயிருக்கும் விலை தரப்படல் வேண்டும். கைவிடப்பட்ட தோட்ட நிலம் கிராமத்தாருக்கும் லயத்தாருக்கும் பகிரப்பட்டால், பற்றைக் காடு பயிராகும். தனித்தனிக் கம்பிகளுக்குப் பதிலாகப் பொதுவேலி எழும். தனித்து உறங்குபவன் கட்டும் துவக்குக்குப் பதிலாக முறைவைத்து விழித்திருக்கும் காவல் வரும். தண்டனைக்கு அஞ்சாது கட்டுத்துவக்கை ஒப்படைக்க ஒரு தவணையும் கொடுத்தல் வேண்டும். இவை வானத்தை வில்லாக வளைக்கும் வேலைகளல்ல. இரண்டு மொழி பேசும் இரண்டு ஏழைகள் ஒரே மேசையில் அமர்ந்தாற் தொடங்கக்கூடியவை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மலைப்புறப் பாடசாலை ஒவ்வொன்றிலும், விறகுக்கும் நீருக்கும் பாடசாலைக்கும் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளை மாணாக்கரைக்கொண்டு வரைவிக்கலாம். அவ்வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பள்ளத்துக் கிராமத்தின் பாடசாலைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுக்கலாம். பன்றி நடக்கும் வழியில் மனிதரும் நடக்கின்றனர் என்ற செய்தி எழுத்திலே சென்று சேரட்டும். எமது பத்தாம் வகுப்பு அவ்வேலையைத் தொடங்கியிருக்கிறது. முதற் பாதையை வரைந்தவன் அந்தப் பையன். வாரத்தில் மூன்று நாட்கள் பாடசாலைக்கு வருகிறான். மற்றை நாட்களில் மாத்தளை நகரத்துக் கடையொன்றிலே மூட்டை கட்டுகிறான். அவனை ஐந்து நாட்களும் வகுப்பில் இருத்துவதற்கு வேண்டிய பணத்தை ஆசிரியர்கள் சிலர் சேர்த்துவருகிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.